தன்பாலீர்ப்பு ஏற்பும் அவையறிதலும்: தூத்துக்குடி வழக்கை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. அத்திருமணத்தைப் பதிவு செய்ய அரசுப் பதிவு அலுவலகம் மறுத்தது. மாவட்டப் பதிவாளரிடம் செய்த மேல்முறையீடும் பலனளிக்கவில்லை. மணமகள் என்ற சொல் பெண்ணை மட்டுமே குறிக்கும் என்பது அரசுத் தரப்பின் நிலைப்பாடு. அதற்கு ஆதாரமாக நீதிமன்றத்தில் ஓர் ஆங்கில அகராதியின் பொருள் காட்டப்பட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அந்நிலைப்பாட்டை ஏற்க மறுத்து, திருமணத்தைப் பதிவு செய்யுமாறு உத்தரவிட்டார்.

இத்தீர்ப்பு இந்தியச் சட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரே நியாயம் சட்டம் கேட்பவருக்குச் சட்டமாகவும், புராணம் கேட்பவருக்குப் புராணமாகவும் அதில் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. திருக்குறளில் சொல்வன்மைக்கு 65-ஆம் அதிகாரமும் அவையறிதலுக்கு 72-ஆம் அதிகாரமும் ஒதுக்கப்பட்டுள்ளன. கேட்பவர் யார் என்று அறிந்து பேசுவது தமிழ் மரபுக்குப் புதியதன்று. பாலினச் சிறுபான்மையினரை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டிய இயக்கங்கள் ஐயமுற்ற பல தரப்பினரிடம் எவ்வெவ்வாறு பேசின, எந்த வாதம் எவரிடம் எடுபட்டது, ஒவ்வொரு வாதமும் யாரை வெளியே நிறுத்தியது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் காண்கிறது.

சில சொற்கள்

தன்பாலீர்ப்பு என்பது ஒருவருக்குத் தம் பாலினத்தவர் மீதே ஏற்படும் காதல் ஈர்ப்பு. ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் இதில் அடங்குவர். திருநங்கை என்பவர் பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர். திருநம்பி இதற்கு மறுதலை. முன்னது யாரை விரும்புகிறார் என்பதைப் பற்றியது. பின்னது தாம் யார் என்பதைப் பற்றியது. தூத்துக்குடி வழக்கு திருநங்கை ஒருவரின் திருமணம் பற்றியது. தன்பாலீர்ப்புத் திருமணம் பற்றியது அன்று. எனினும் இவ்விரு பிரிவினரும் ஒரே சட்டத்தாலும் ஒரே ஏளனத்தாலும் துன்புற்றதால், இவர்களுடைய வரலாறுகள் பல இடங்களில் ஒன்றாகவே செல்கின்றன.

கப்பலில் வந்த சட்டம்

"இது மேனாட்டு இறக்குமதி" என்பது நம் ஊர்களில் அடிக்கடி எழும் முதல் ஐயம். இதற்கு விடை சொல்ல முத்துக்குளித்துறையின் வரலாறே உதவும். தூத்துக்குடி போர்த்துகீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரரிடமும், டச்சுக்காரரிடமிருந்து 1825-இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. மெக்காலே தலைமையிலான குழு 1837-இல் உருவாக்கிய வரைவை அடிப்படையாகக் கொண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377-ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. வயது வந்த இருவரின் விருப்பம் அங்கே கணக்கில் கொள்ளப்படவில்லை. ஆகவே இறக்குமதியானது அந்த ஈர்ப்பு அன்று, அந்தத் தண்டனையே.

இவ்விடை வலுவானது. ஆனால் இதை மிகைப்படுத்தக் கூடாது. பழைய இந்திய நூல்களில் இத்தகைய உறவுகளைக் குறிப்பவையும் உண்டு, கண்டிப்பவையும் உண்டு. முன்னோர் அனைவரும் இதை மகிழ்ந்து ஏற்றனர் என்று சொன்னால், படித்த ஒருவர் மறுத்துவிடுவார். அதன்பின் நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்.

நோயின் பெயரால் திறந்த கதவு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் எய்ட்ஸ் தடுப்பு அரசின் முதன்மைக் கவலைகளில் ஒன்றானது. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிந்த முதல் இடம் நலவாழ்வுத் துறைதான். சென்னையில் 1998-இல் தொடங்கப்பட்ட சகோதரன் அமைப்பும் நலவாழ்வுப் பணியின் வழியாகவே இம்மக்களைச் சென்றடைந்தது.

1994-இல் தில்லியின் எய்ட்ஸ் பாகுபாடு எதிர்ப்பு இயக்கம் 377-ஆம் பிரிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. திகார் சிறையில் ஆணுறை வழங்க மறுக்கப்பட்டதே அதற்குக் காரணம். 2001-இல் நாஸ் அறக்கட்டளை தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலும் நலவாழ்வு வாதமே முன்னின்றது. தண்டனைக்கு அஞ்சி மக்கள் மறைந்து வாழ்ந்தால் மருத்துவ உதவி அவர்களை எட்டாது. நோய் பரவும் என்றனர். இவ்வாதம் அரசுக்குள்ளேயே இரு கருத்துகளை உண்டாக்கியது. 2006-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, இச்சட்டம் தன் பணிக்குத் தடையாக இருப்பதாக நீதிமன்றத்தில் தெரிவித்தது. உள்துறை அமைச்சகமோ பொது ஒழுக்கத்தைக் காட்டி அதே சட்டத்தை ஆதரித்தது.

நலவாழ்வு அதிகாரிக்கு இந்த வாதம் பொருத்தமாக இருந்தது. அதற்குரிய விலையும் இருந்தது. தன்பாலீர்ப்பு கொண்டவர் என்றாலே நோய் பரப்புபவர் என்ற எண்ணம் வலுப்பட்டது. பெண்ணை விரும்பும் பெண்கள் இந்த வாதத்துக்குள் வரவே இல்லை. அவர்களுக்கு மருந்தகத்தின் கதவு திறந்ததாகச் சொல்ல முடியாது.

நீதிபதிகளிடம் பேசியவர்கள்

இக்குறையை உணர்ந்த பெண்கள் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் 2006-இல் "377-க்கு எதிரான குரல்கள்" என்ற கூட்டமைப்பாக அவ்வழக்கில் இணைந்தன. நோயைப் பற்றிய பேச்சு உரிமை பற்றிய பேச்சாக விரிந்தது. 2009 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ. பி. ஷா, எஸ். முரளிதர் ஆகியோர் வழங்கிய தீர்ப்பு, வயது வந்தோர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று என்றது. உள்துறை அமைச்சகம் பொது ஒழுக்கத்தைப் பேசியது. நீதிபதிகள் அரசியலமைப்பு ஒழுக்கத்தைப் பேசினர். அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எடுத்துரைத்த கருத்து அது. பெரும்பான்மையினரின் விருப்பு வெறுப்பு வேறு, நாடு ஏற்றுக்கொண்ட நெறி வேறு என்பது அதன் சாரம்.

மேல்முறையீடு உச்சநீதிமன்றம் சென்றபோது புதிய குரல்கள் சேர்ந்தன. தன்பாலீர்ப்பு கொண்டோரின் பெற்றோர் 19 பேர் தம்மையும் வழக்கில் சேர்த்துக்கொண்டனர். குடும்ப அமைப்பு சிதையும் என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, குடும்பமே எழுந்து நின்று, எங்கள் வீட்டைச் சிதைப்பது இந்தச் சட்டம்தான் என்றது. மனநல மருத்துவர்களும் இணைந்தனர். உலக நலவாழ்வு அமைப்பு 1990-ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதை அவர்களால் சான்றுடன் காட்ட முடிந்தது.

எனினும் 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தில்லித் தீர்ப்பை நீக்கியது. பாதிக்கப்படுவோர் மிகச் சிறிய எண்ணிக்கையினர் என்பதும் அது சொன்ன காரணங்களுள் ஒன்று. உயர்நீதிமன்றமொன்றின் முதல் பெண் தலைமை நீதிபதியான லீலா சேத், அதன்பின் ஒரு நாளிதழில் கட்டுரை எழுதினார். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய் அவர். சட்டம் அறிந்தவருக்கு நீதிபதியாகவும், மற்றவருக்குத் தாயாகவும் ஒரே கட்டுரையில் அவரால் பேச முடிந்தது.

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 377-ஆம் பிரிவின் அப்பகுதியை நீக்கியது. இம்முறை வழக்குத் தொடுத்தவர்கள் நடனக் கலைஞர், இதழாளர், சமையற்கலைஞர் முதலியோர். தங்கள் பெயரிலேயே, தங்கள் வாழ்க்கையையே சான்றாக வைத்து அவர்கள் வந்தனர். பின்னர் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பயின்ற 20 பேரும் தனி மனுவுடன் வந்தனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்பிரிவே இல்லை.

தூத்துக்குடி வழக்கின் இரு மொழிகள்

உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம் நிறைவதற்குள் சங்கரராமேசுவரர் கோயில் திருமணம் நடந்தது. நீதிபதி சுவாமிநாதனின் தீர்ப்பு இரண்டு தரப்பினரிடம் பேசுகிறது.

முதல் தரப்பு பதிவு அலுவலர். அவர் கேட்பது சட்டத்தின் எழுத்து. அவருக்கு நீதிபதி 2014 ஏப்ரல் 15 அன்று வந்த தேசியச் சட்டப்பணிகள் ஆணைய வழக்குத் தீர்ப்பைக் காட்டினார். ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று அது சொல்லியிருந்தது. தம்மைப் பெண்ணாகக் கருதும் திருநங்கை, 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் வரும் மணமகள் என்ற சொல்லுக்குள் அடங்குவார். சட்டத்தின் சொற்கள் இயற்றப்பட்ட நாளோடு உறைந்துவிடுவதில்லை. அகராதியைக் காட்டியவருக்கு இது நேரான விடை.

இரண்டாம் தரப்பு, கோயிலில் இப்படியும் நடக்குமா என்று வியக்கும் பக்தர். அவருக்கு நீதிபதி மகாபாரதத்தை நினைவூட்டினார். களப்பலிக்கு முன் மணம் செய்துகொள்ள விரும்பிய அரவானைக் கண்ணன் மோகினி வடிவில் மணந்த கதை அது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தார் அனைவரும் அறிந்த கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவின் அடிப்படை அதுவே. ஆண்டுதோறும் சித்திரையில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையரைக் கண்டு வணங்கும் ஊர், பதிவேட்டில் அவர்கள் பெயரை எழுத ஏன் தயங்க வேண்டும் என்ற கேள்வி அதில் தானாகவே எழுகிறது.

இத்தீர்ப்பு மூன்றாம் தரப்பினரான மருத்துவர்களையும் தொட்டது. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க இயலாத உடற்கூறுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, அவர்கள் விவரம் அறியும் முன்பே அறுவை செய்வதைத் தடுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. உயிருக்கு ஆபத்து உள்ள நிலை மட்டும் விதிவிலக்கு. 2019 ஆகஸ்ட் 13 அன்று தமிழ்நாடு அரசு அதற்கான ஆணையை வெளியிட்டது.

புராணம் எட்டாத இடங்கள்

அரவான் கதை திருநங்கைக்கு உதவியது. ஆனால் ஓர் ஆணும் இன்னோர் ஆணும், அல்லது ஒரு பெண்ணும் இன்னொரு பெண்ணும் வந்து நின்றால் அக்கதை அதே அளவு துணை செய்யாது. மோகினி பெண் வடிவில் வந்ததால்தான் அக்கதை பலருக்கு இடறவில்லை.

மேலும், முத்துக்குளித்துறை ஒரே சமயத்தாருடையது அன்று. சங்கரராமேசுவரர் கோயில் இருக்கும் அதே நகரில் பனிமய மாதா பேராலயமும் இருக்கிறது. 1530-களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவியதிலிருந்து கடற்கரை ஊர்களின் வாழ்வு ஆலயத்தைச் சுற்றியே அமைந்தது. தெற்கே காயல்பட்டினம் பழமையான இசுலாமிய ஊர். புன்னைக்காயலிலோ மணப்பாட்டிலோ வாழும் தாய் ஒருவரிடம் அரவான் கதையைச் சொன்னால், அது தம் சமயத்தின் கதையன்று என்றுதான் அவர் எண்ணுவார்.

அவரிடம் பேச வேறு தொடக்கம் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன்பாலீர்ப்பு கொண்டோரை மதிப்புடனும் பரிவுடனும் ஏற்க வேண்டும் என்றும், நியாயமற்ற பாகுபாட்டைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, வழிபாட்டுச் சடங்கின்றி இத்தகைய இணையருக்கு அருள்பணியாளர் ஆசி வழங்க இடமளித்தது. அதே திருச்சபை அவ்வுறவைத் திருமணமாக ஏற்கவில்லை. அதன் செயலை ஒழுக்கமாகவும் ஒப்பவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மகனை வீட்டைவிட்டுத் துரத்தும்படி உங்கள் சமயம் சொல்லவில்லை என்ற அளவில் அத்தாயிடம் உண்மையாகவே பேச முடியும். பல வீடுகளில் முதலில் தேவைப்படுவது அந்த அளவுதான்.

கேட்டுக் கற்றுக்கொண்ட நீதிபதி

2021-இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பிச் சென்னைக்கு வந்தனர். இரு குடும்பத்தாரும் மகள்களைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் அளித்தனர். பாதுகாப்புக் கேட்டு அப்பெண்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பளிக்கவில்லை. அப்பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பினார். பின்னர், இதுபற்றித் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று கூறி, தாமும் அதே உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். இம்மக்களைச் சேர்ந்தவர்களுடனும் உரையாடினார். 2021 ஜூன் 7 அன்று அளித்த உத்தரவில் தம் பழைய அறியாமையை மறைக்காமல் எழுதினார்.

ஐயமுற்றவர்களிடம் பேசுவதற்கு இது மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. நீதிபதி தாமும் ஐயமுற்றவர்களில் ஒருவராக இருந்து மாறினார். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அஞ்சும் பெற்றோருக்கு, உயர்நீதிமன்ற நீதிபதியே உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்பது ஆறுதல் தரும் செய்தி.

அந்த உத்தரவும் தொடர் உத்தரவுகளும் ஒவ்வொரு தரப்புக்கும் அதனதன் பணிமொழியில் பேசின. காவலருக்கு நடைமுறை: காணாமற்போனதாகப் புகார் வந்தவர் வயது வந்தவர் என்றும், விருப்பத்துடனே சென்றவர் என்றும் தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுப் புகாரை முடிக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்து, இம்மக்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்தது. காவலரின் மனம் மாறும் வரை காத்திராமல், அவருடைய பணி விதி மாற்றப்பட்டது. மருத்துவருக்குப் பாடநூலும் உரிமமும்: ஈர்ப்பை மாற்றிக் குணப்படுத்துவதாகச் சொல்லும் சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவ மன்றங்களுக்கு அறிவித்தது.

சொல்லே ஒரு வாதம்

தமிழ்நாட்டில் இந்த வரலாறு சொற்களின் வரலாறாகவும் இருக்கிறது. திருநங்கை என்ற சொல் கலைஞர் மு. கருணாநிதியின் ஆட்சிக்காலத்தில் பரவலானது. 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. திரு என்ற மதிப்பு அடை, வாதம் எதுவும் செய்யாமலே நாளிதழின் தொனியை மாற்றியது.

மேலை நாடுகளில் பெருமிதம் என்ற பொருள்படும் பெயரில் நடக்கும் ஊர்வலம் 2009 ஜூனில் சென்னையில் முதன்முறையாக நடந்தது. அது தமிழில் வானவில் சுயமரியாதைப் பேரணி என்று பெயர் பெற்றது. சுயமரியாதை என்ற சொல்லைப் பெரியாரின் இயக்கம் 1925 முதல் வளர்த்தெடுத்தது. 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. புரோகிதர் இல்லாத திருமணம் செல்லாது என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, அந்தப் பேரணியின் பெயரே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது.

தன்பாலீர்ப்பைக் குறிக்க இதழ்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சொற்கள் உடலுறவை மட்டுமே சுட்டின; சில வசைச் சொற்களாகவே இருந்தன. உயர்நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

சொல் எவருக்கும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்பதும் உண்மை. ஆங்கிலத்தில் "குயர்" என்ற சொல்லை இம்மக்கள் பெருமையாக ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆனால் 2025 மே மாதம் ஒரு பெண்ணைக் குடும்பத்தாரின் பிடியிலிருந்து விடுவித்த தீர்ப்பில், நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் விசித்திரம் என்ற அகராதிப் பொருளுடைய அச்சொல்லைப் பயன்படுத்தத் தமக்குத் தயக்கம் இருப்பதாகக் குறிப்பிட்டனர். அதே தீர்ப்பில், திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழியன்று என்றும் கூறினர். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல இருப்பதில்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். சொல்லில் உடன்படாதவர் பொருளில் உடன்படலாம் என்பதற்கு இது சான்று.

பால் ஊற்றும் கைகள்

எல்லா வாதமும் பேச்சாக இருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில், மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரியின் முயற்சியால் 2020-இல் திருநங்கையருக்கான குடியிருப்பும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தன. இதற்காக உழைத்தவர்களில் ஒருவர் இம்மாவட்டத்தில் பிறந்த கிரேஸ் பானு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கையாக அறியப்படும் இவர், எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் உள் இடஒதுக்கீடு வேண்டும் என்று தொடர்ந்து வாதிடுகிறார். சமூக நீதி பேசும் அரசியலாரிடம் அவர் சமூக நீதியின் மொழியிலேயே கேட்கிறார். ஊராரிடமோ மாடும் பாலும் கூட்டுறவுக் கணக்கும் பேசுகின்றன. காலையில் ஆவினுக்குப் பால் அளந்து ஊற்றுபவரைக் கேலி செய்வது கடினம்.

பள்ளியில் தவறிய முயற்சி

தோல்வியிலும் பாடம் உண்டு. பாலின வேறுபாடுடைய குழந்தைகளைப் பள்ளியில் எவ்வாறு நடத்துவது என்ற ஆசிரியர் கையேட்டைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2021-இல் தன் இணையதளத்தில் வெளியிட்டது. எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே அது நீக்கப்பட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த அவசரப் பின்வாங்கலைக் கண்டித்தார்.

அக்கையேடு ஆசிரியருக்காக எழுதப்பட்டது. ஆனால் அதைப் படித்து அஞ்சியவர்கள் பெற்றோர். "என் பிள்ளைக்கு என்ன சொல்லித்தரப் போகிறீர்கள்" என்பதே அவர்கள் கேள்வி. வகுப்பில் ஒரு குழந்தையைப் பட்டப்பெயர் சூட்டி அடிப்பதைத் தடுக்கவே இக்கையேடு என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் முன்பே விளக்கியிருந்தால், அச்சம் முழுவதும் நீங்காவிட்டாலும் குறைந்திருக்கும். இழப்பு அந்தக் குழந்தைக்குத்தான்.

அயல்நாட்டு அனுபவங்கள்

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்து, 2015 மே 22 அன்று பொது வாக்கெடுப்பின் மூலம் தன்பாலீர்ப்புத் திருமணத்தை ஏற்றது. ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் ஆதரித்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ், சமயப்பற்றுள்ள தாயாக நின்று தம் மகனுக்காகப் பேசினார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2008-இல் நடந்த வாக்கெடுப்பு எதிராக முடிந்தது. அதன்பின் லாஸ் ஏஞ்சலிசில் இயக்கத்தினர் வீடு வீடாகச் சென்று, எதிர்த்து வாக்களித்தவர்களிடம் காரணம் கேட்டனர். தாமே பேசுவதைக் குறைத்து, அவர்கள் வாழ்வில் ஒதுக்கப்பட்ட அனுபவம் ஏதேனும் உண்டா என்று கேட்டனர். இம்முறையின் பயனைப் பற்றி 2014-இல் வந்த ஓர் ஆய்வு, தரவுகள் நம்பத்தகாதவை என்று தெரிந்ததால் 2015-இல் திரும்பப் பெறப்பட்டது. அப்பிழையை வெளிக்கொணர்ந்த ஆய்வாளர்களே மயாமி நகரில் முறையாக ஆய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். பாலினம் மாறியோர் குறித்து ஏறத்தாழ 10 நிமிடம் நடந்த உரையாடல், குறைந்தது மூன்று மாதம் வரை வெறுப்பைக் குறைத்தது. நற்செயலுக்கும் பொய்த் தரவு துணையாகாது என்பதும் இதனால் விளங்கும்.

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கையில், 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 365, 365-அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. 1995-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண் என்ற சொல்லை நபர் என மாற்றியதால், பெண்களும் அதன் வரம்புக்குள் வந்தனர். நீக்கம் கோரும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அன்று என 2023 மே மாதம் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கருத்துரைத்தது. அங்கே இனி பேச வேண்டிய அவை நாடாளுமன்றம்.

ஏற்றவாறு பேசுதலும் எல்லையும்

ஆளுக்கேற்பப் பேசுவது இரட்டை நாக்கு ஆகாதா என்ற ஐயம் நியாயமானது. ஒரு தரப்பிடம் சொன்னதை இன்னொரு தரப்பு கேட்டாலும் வெட்கப்பட நேராதிருந்தால் அது அவையறிதல். மறைக்க வேண்டியிருந்தால் அது ஏமாற்று. தூத்துக்குடித் தீர்ப்பு சட்டத்தையும் புராணத்தையும் ஒரே ஏட்டில் வைத்தது. இரண்டையும் இருவருமே படிக்கலாம். பெற்றோரிடம் "இது கொஞ்ச நாளில் மாறிவிடும்" என்று சமாதானம் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் "நீ இப்படியே இரு" என்பது அந்தச் சோதனையில் தேறாது.

மேலே கண்ட வரலாற்றில் ஒவ்வொரு வாதமும் ஒரு கதவைத் திறந்தது. சிலரை வெளியேயும் விட்டது. நலவாழ்வு வாதம் பெண்களை விட்டது. உரிமை வாதம் எண்ணிக்கை கேட்ட நீதிபதிகளிடம் 2013-இல் தோற்றது. புராண வாதம் பிற சமயத்தாரையும் தன்பாலீர்ப்பு இணையரையும் எட்டவில்லை. அடுத்து வந்தவர்கள் விடுபட்டவர்களை எண்ணிப் பார்த்துப் புதிய வாதத்தைக் கண்டனர்.

விடுபட்டவர்கள் இன்றும் உள்ளனர். 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம், தன்பாலீர்ப்பு இணையரின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிப்பது நாடாளுமன்றத்தின் பணி என்று கூறி, அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. 2018-இல் சங்கரராமேசுவரர் கோயிலில் மணந்தவர்களின் திருமணம் பதிவேட்டில் ஏற உயர்நீதிமன்றம் வழி செய்தது. அதே கோயில் வாசலில் இரு பெண்கள் மாலை மாற்றிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குச் சென்றால், இன்று அவர்களுக்கு அவ்வழி இல்லை.